இடது காலில் பழசு, வலது காலில் புதுசு

முகர்ந்து பார்ப்பதில்தான் ஆரம்பிப்பாள். புது ஷூவின் வாயை இரண்டு கையாலும் விரித்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை இழுப்பாள். "பசை இன்னும் காயல. அதுக்குள்ள பொட்டில போட்டு மூடிட்டாங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பாள். பிறகு, ஈரத் துணியைப் பிழிவதுபோல அதை முறுக்குவாள். தரையில் வைத்து விரலால் தட்டி, ஆடுகிறதா என்று பார்ப்பாள். கடைசியாகத் தெருமுனை மளிகைக் கடைக்குக் கொண்டுபோய், தராசின் ஒரு தட்டில் இடதையும் மறு தட்டில் வலதையும் வைப்பாள். கடைக்காரர் சாமிநாதன் முதல் நாள் சண்டைக்கு வந்தார். பருப்பு நிறுக்கிற தட்டில் செருப்பா? "இன்னும் தரையில நடக்காத ஷூ, நைனா. உங்க தட்டவிட சுத்தம்" என்றாள். இப்போது அவரே ஒரு பழைய தராசை அவளுக்கென்று கடையின் பின்பக்கம் மாட்டி வைத்திருக்கிறார்.

மணியம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. ஆர்.கே.பேட்டையில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். எண்பதுகளில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் மாநில அணிக்காக ஓடினாள். எட்டு வருடமாகச் சென்னையிலுள்ள ஒரு காலணிக் கம்பெனிக்காக ஷூ போட்டு ஓடிப் பார்த்துக் குறை சொல்கிறாள். ஓட்ட ஷூ, மலையேறும் பூட்ஸ், முதுகுப் பை, மழைக் கோட்டு என்று அவர்கள் செய்வது எதுவானாலும் கடைக்குப் போகும் முன் அவள் இருக்கும் திருத்தணிக்கு வந்தாக வேண்டும். அவள் அதைப் பாடாய்ப் படுத்தி, எங்கே கிழிந்தது, எத்தனையாவது கிலோமீட்டரில் கிழிந்தது என்று எழுதி அனுப்புவாள்.

ஒரே மாதிரி இரண்டு ஷூ போட்டு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. இடது காலில் நன்றாகப் பழகிய பழைய ஷூ, வலது காலில் சோதனைக்கு வந்தது. ஒரே சாலை, ஒரே வெயில், ஒரே உடம்பு. எந்தக் கால் முதலில் முனகுகிறது என்று பார்ப்பாள். இடது வெள்ளை, வலது சிவப்பு என்று பஸ் நிலையத்தைக் கடந்து ஓடும்போது ஆட்டோக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னாக்கா, இருட்டுல மாட்டிகினு வந்துட்டியா?" அவள் நிற்காமலே பதில் சொல்வாள். "எடது காலு வேல தெரிஞ்ச ஆளு. வலது காலு புதுசா சேந்த ஆளு. ஒழுங்கா வேல செய்யுதான்னு பாத்துகினு கீறேன். உன் ஓனர் உன்ன பாக்கற மாதிரிதான்."

மழைக் கோட்டு வந்தால் சட்டைக்குள் அன்றைய தினத்தாளை மடித்துச் செருகிக்கொண்டு, தெரிந்தவர் தோட்டத்துப் பம்ப்செட்டின் கீழ் கால் மணி நேரம் நிற்பாள். வெளியே வந்து தினத்தாளை உருவிப் படிப்பாள். தலைப்புச் செய்தி நனைந்திருந்தால் கோட்டு தோற்றுவிட்டது. முதுகுப் பையில் பன்னிரண்டு கிலோ மணலைக் கட்டிக்கொண்டு கனகம்மாசத்திரம்வரை போவாள். ஷூ வழியில் பிரிந்துவிட்டால் அதற்குமேல் ஓர் அடி ஓட மாட்டாள். மைல்கல்லைக் குறித்துக்கொண்டு, பிரிந்ததைக் கையில் பிடித்தபடி டவுன் பஸ் ஏறித் திரும்புவாள். நடத்துநர்கள் துக்கம் விசாரிப்பார்கள். "எங்க செத்துச்சும்மா?" "எஸ்.வி.ஜி.புரம் தாண்டி." "வயசு?" "நூத்தி தொண்ணூறு கிலோமீட்டர். அல்ப ஆயுசு."

அவள் கழுத்தில் தாலி கிடையாது. அப்பா சுயமரியாதைக்காரர், மாலை மாற்றித்தான் கல்யாணம் நடந்தது. அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கயிறும் அதில் ஒரு ஸ்டாப்வாட்சும் தொங்குகின்றன. குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். கணவர் அசோக்குமார் விசைத்தறி ஃபிட்டர். மனைவி ஓடுவதைப் பற்றிக் கேட்டால், "தறி நின்னா நான் ஓட வெச்சிருவேன். இவள நிறுத்தறதுக்குதான் ஸ்பானர் இல்ல" என்பார்.

அரசு மருத்துவமனையில் நர்ஸாக முப்பத்தொரு வருடம் கட்டுப் போட்டிருக்கிறேன். முகத்தைவிடக் கால்கள் எனக்கு நன்றாகப் புரியும். அவளுடைய இடது கால் சாதாரணமானது. வலது காலில் இரண்டு நகங்கள் கறுத்து, ஒன்று விழுந்தேபோய், குதிகாலில் எட்டு வருடத்துக் கொப்புளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஆறியிருக்கின்றன. கட்டுப் போட்டுவிட்டு, "ஏழு நாள் ஓடாதே" என்பேன். "மூணு நாளு வெச்சுக்கங்க, சிஸ்டரம்மா" என்று கத்தரிக்காய் பேரம்போலப் பேசுவாள். ஐந்து என்று முடிப்போம். நான்காம் நாள் ஓடுவாள்.

அவளிடம் நாற்பது பக்க நோட்டுகள் ஓர் அடுக்கு இருக்கின்றன. தேதி, சாலை, வெயிலா மழையா, கிலோமீட்டர், குறை. 'நன்றாக இருக்கிறது' என்று ஒரு பக்கத்திலும் எழுதியதில்லை. அவள் ஒரு ஷூவுக்குக் கொடுக்கிற உச்சமான பாராட்டு, 'தொந்தரவு இல்லை'. எட்டு வருடத்தில் அதுவும் ஆறு ஷூவுக்குத்தான் கிடைத்தது. "கால் சொல்லாதத கை எழுதகூடாது. அவ்ளோதான் என் சட்டம்" என்பாள்.

ஷூவோடு அவள் ஏறாத ஓர் இடம் உண்டு. கோயில் படிகள். முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் எல்லோரும் வெறுங்காலோடுதான் ஏறுகிறார்கள். அவளும் விடியற்காலையில் வெறுங்காலோடு ஏறி ஓடுவாள். அது அவளுடைய பயிற்சி. மேலே போய்க் கடைசிப் படியைக் காலால் தொட்டதும் திரும்பிவிடுவாள். சன்னதிப் பக்கம் போக மாட்டாள். குருக்கள் பாலசுப்பிரமணியன் முதலில் கூப்பிட்டுப் பார்த்தார், இப்போது, "இன்னிக்கு எத்தனை நிமிஷம்?" என்று மட்டும் கேட்கிறார். ஷூ சோதனை எல்லாம் வண்டிகள் போகும் மலைப்பாதையில்தான். இந்த வித்தியாசம் ஊரில் நாய்க்கும் தெரியும். சென்னையிலிருந்த கம்பெனிக்காரர்களுக்குத் தெரியவில்லை. முந்நூற்று அறுபத்தைந்து என்ற எண் மட்டும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

இந்த இரண்டாயிரத்து நான்காம் வருடம் பங்குனி மாதம், காலை ஒன்பது மணி. கம்பெனி மேலாளர் ஆதிகேசவன் ஒரு படக்காரரோடு காரில் வந்து, மணியம்மையைப் படிகளின் அடிவாரத்துக்கு வரச் சொன்னார். முந்தின நாள்தான் அவள் குதிகால் மறுபடி கிழிந்திருந்தது. என்னையும் வரச் சொல்லியிருந்தாள்; அங்கேயே ஒரு கல்லில் உட்கார வைத்து, நான் புதுக் கட்டுப் போட்டேன். படம் எடுப்பதற்காக அன்று அவள் காலில் ஒரே நிறத்தில் இரண்டு புது ஷூ. எனக்கே யாரோ மாதிரி இருந்தாள்.

ஆதிகேசவன் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். ஒவ்வொரு ஷூ பெட்டியிலும் அவள் படத்தோடும் கையெழுத்தோடும் அது போகப் போகிறது. மணியம்மை உரக்கப் படித்தாள். "'திருத்தணியின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளில் இந்த ஷூவோடு நூறு முறை ஏறினேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியும் அடிப்பாகம் பிரியவில்லை. மணியம்மை, தேசிய வீராங்கனை.'"

தாளை மடித்தாள். "மூணு வரிதாங்க சார். மூணும் பொய்யி."

"மேடம், விளம்பரம்னா கொஞ்சம் அப்படித்தான்..."

"நான் தேசியம் இல்ல, மாநிலம். இந்த ஷூ எரநூத்தி எண்பத்தி ஏழாவது கிலோமீட்டர்ல வாயத் தொறந்துச்சு, நனைஞ்சு காஞ்ச ஒடனே. எழுதி அனுப்பிச்சேன். படிக்கு ஷூவோட போனதே கெடையாது."

"அதுக்குத்தான் வந்திருக்கோம். இப்ப ஷூவோட ஒரு பத்துப் படி ஏறுங்க. படம் எடுத்துக்கறோம். பொய்யில்லாம போயிடும்."

படிகளின் அருகில் பக்தர்களின் செருப்புகளை வாங்கி வைக்கும் தேவகி எழுந்து நின்றாள். "இன்னா சார், ஷூவோட ஏற சொல்றீங்களா? இங்க நான் எதுக்கு குந்திகினு கீறேன்?"

அவர் அவளைக் கண்டுகொள்ளவில்லை. "உங்களுக்குத்தான் சாமி நம்பிக்கை கிடையாதே மேடம். அப்புறம் என்ன?"

"சாமி இல்லன்றது என்ன பெத்த நைனா சொன்னது, நானும் சொல்றேன். அது எங்க ஊட்டு விஷயம். நான் ஏறலன்றது நடந்த விஷயம். ரெண்டையும் போட்டு கொழப்பாதீங்க." காலிலிருந்த ஷூவைக் காட்டினாள். "போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடற பொண்ணுங்க இத வாங்க போவுதுங்க சார். ஒரு ஜோடிதான் வாங்க முடியும் அதுங்களால. என் மூஞ்சிய பாத்து வாங்கிகினு போயி, ஓடிகினு இருக்கசொல்ல அடி பிரிஞ்சா? சரி பண்ணி குடுங்க, மறுபடி ஓடி பாக்கறேன். தொந்தரவு இல்லன்னா நானே எழுதி தரேன்."

"அதுக்கு நேரமில்ல மேடம். பெட்டி எல்லாம் அச்சடிச்சாச்சு. எனக்கும் மேல ஆள் இருக்காங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதரில்லை, முகத்தில் வேர்த்திருந்தது. "இன்னிக்குக் கையெழுத்து இல்லேன்னா அடுத்த ஜோடி உங்களுக்கு வராது. இந்த வயசுல வேற எந்தக் கம்பெனி உங்க காலைக் கேக்கும்? யோசிங்க."

மணியம்மை ஸ்டாப்வாட்ச் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது உண்மை. மூன்று வருடமாக எந்தப் பந்தயத்துக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. நாற்பத்திரண்டு வயதுப் பெண் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடினால், எதற்கு ஓடுகிறாய் என்று இந்த ஊர் கேட்கும். "வேலை" என்று சொல்ல எட்டு வருடமாக அவளுக்கு ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில்தான் இப்போது அந்த மனிதரின் கையில் இருந்தது.

அவள் குனிந்து ஷூ நாடாக்களை அவிழ்த்தாள். இரண்டையும் கழற்றி, நாடாக்களைச் சேர்த்து முடிந்து தேவகியிடம் நீட்டினாள். எல்லோருக்கும் கொடுப்பதுபோலவே தேவகி எண் பொறித்த ஒரு தகர வில்லையைக் கொடுத்தாள். நாற்பத்தேழு.

"எடுத்துக்கங்க சார் படம்" என்று சொல்லிவிட்டு மணியம்மை முதல் படியில் கால் வைத்தாள்.

அவள் ஓடிய ஓட்டம் பயிற்சி ஓட்டம் இல்லை. காவடிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். கைக்குழந்தையோடு இறங்கி வந்த ஒரு பெண் நின்று திரும்பிப் பார்த்தாள். படக்காரர் காமிராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தார். தேவகி குறுக்கே கையை நீட்டினாள். "ஷூ, சார்." அவர் அவசரமாகக் கழற்றி எறிந்துவிட்டு முப்பது படிவரை தத்தித் தத்தி ஏறினார். பங்குனி வெயிலில் காய்ந்த கல் அவருக்குப் பழக்கமில்லை. அங்கேயே நின்று, மேலே போகும் முதுகையும், இறங்கி வரும் முகத்தையும் எடுத்தார்.

ஒன்பதரை நிமிடத்தில் மணியம்மை கீழே நின்றாள். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. குதிகாலைப் பார்த்தேன். ரத்தம் கொஞ்சம் கசிந்திருந்தது. என் கட்டு அவிழவில்லை.

"நல்லா வந்திருக்கு சார்" என்றார் படக்காரர், பாதத்தைத் தேய்த்துக்கொண்டே.

"எதுய்யா நல்லா வந்திருக்கு?" ஆதிகேசவன் கத்தினார். "இதுல ஷூ எங்க இருக்கு?"

"என்னாண்ட கீது, சார்" என்றாள் தேவகி. "நாப்பத்தேழு."

மணியம்மை சிரிக்கவில்லை. மடித்த தாளைக் கார் முகப்பின் மேல் வைத்து நீவி விரித்தாள். கையெழுத்துக்காகப் புள்ளி வைத்து விட்டிருந்த இடத்தைத் தேடி, அதன்மேல் தகர வில்லையைச் சரியாக வைத்தாள். பிறகு கழுத்துக் கயிற்றை இழுத்து, ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வெறுங்காலோடு தார்ச் சாலையில் இறங்கி, அழுத்தினாள்.