குனிந்தால் மூடாத கண்

என் இடது இமை பிறவியிலேயே பாதிக் கண்ணை மூடிக் கிடக்கும். பார்வையில் குறையில்லை, ஆனால் ஊருக்கு நான் தூங்குமூஞ்சி. பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "ஏத்தா, நிமிந்து பாரு" என்பார்கள். பார்ப்பேன். பணியாரத்தைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குக் கல்யாணம் முடியாமல் தங்கைக்கு முடிக்க மாட்டார் என்னைப் பெற்ற ஐயா. அவளைக் கேட்டுக் காத்திருந்த மாமன், "இன்னும் எம்புட்டு நாளைக்குத்தான்?" என்று சலித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

யுத்தம் வருவதற்கு முந்திய காலம் அது. இமையைத் தைத்துத் தூக்கிவிடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, ஐயா ஆனையூரிலிருந்து வண்டி கட்டி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

பெரிய டாக்டர் என்னை நேரே பார்க்கச் சொல்லி அளந்தார். "நேராப் பாத்தா ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருக்கும். ஆனா கீழ பாக்கும்போது இந்த இமை இறங்காது. தூங்கும்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். சம்மதமா?"

"மேல ஏறுனாப் போதும் சாமி. கீழ இறங்கி என்ன ஆகப்போகுது?" என்றார் ஐயா.

மரத்துப்போக ஊசி போட்டும் நூல் இழுபடுவது தெரிந்தது. கண்ணில் போட்ட கட்டை அவிழ்த்தபோது இமை நாவல்பழமாக வீங்கிக் கறுத்திருந்தது. ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "வடிஞ்சிரும்மா, பொறுங்க" என்று நர்ஸ் அதட்டினாள். வடிந்தது. கண்ணாடியில் நேரே பார்த்தேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அடேயப்பா, அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

அடுத்து ஒரு வீட்டார் வந்தார்கள். "தலையக் குனிஞ்சே உக்காரு. சொன்னா மட்டும் நிமிரு" என்று ஆத்தா சொல்லி அனுப்பினாள். பாயைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். வலது இமை இறங்கிவிட்டது. இடது, வெள்ளை தெரிய அப்படியே நின்றிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? நிமிரச் சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் எழுந்து வாசலுக்குப் போய் ஐயாவிடம் சொன்னாள்: "பொண்ணுக்கு அடக்கம் பத்தாதுண்ணே. தலையக் குனிஞ்சுக்கிட்டே ஒத்தக் கண்ணால மொறைக்குது."

டாக்டர் சொன்னது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பெண் பார்க்க வந்தால் பெண் கீழேதான் பார்ப்பாள் என்பது ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே!

அவர்கள் போனதும் ஆத்தா மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, இம்புட்டுத் தூக்குனவரு, கொஞ்சம் இறக்கிவிட மாட்டாரா?"

ஐயா யோசித்தார். மறுபடி வண்டி கட்டத்தான் யோசிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஏத்தவும் வேணாம், இறக்கவும் வேணாம். மாமனுக்கு ஆள் அனுப்பித் தங்கச்சிக்கு முடிச்சுவிடுங்க. எனக்கு அலுத்துப்போச்சு. என்னையக் கொஞ்சம் தூங்க விடுங்க."

பட்டப்பகலில் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை வந்திருக்கிறாள். என் கண் திறந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "என் மேல கோவமாக்கா?" என்று வெகுநேரம் கேட்டு அழுதாளாம். வெகுநாள் கழித்து அவளே சொன்னாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.