சம்சாவை எடுத்துக்கொண்டு போ

புருல் அக்கா கறி வைத்த சம்சா சுடும் தந்தூர் அடுப்பைத் திறந்தால் அந்த வாசனைக்குக் கரா தரியா ஆறு ஓடுவதை நிறுத்திவிட்டு வரிசையில் வந்து நிற்கும். மலைமேல் மேயும் குதிரைகள் புல்லைத் துப்பிவிட்டுக் கறி கேட்கும். உஸ்கென் ஊரின் பழைய கோபுரம் யாரும் பார்க்காத நேரத்தில் குனிந்து மோப்பம் பிடித்துவிட்டு, மறுபடி ஒன்றும் தெரியாததுபோல் நிமிர்ந்துகொள்ளும். நம்பாதவன் எங்கள் சந்தைப் பக்கம் வர வேண்டாம்.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போய்விட்டன, சக்கர நாற்காலிதான். நான் மெடெர், அதே சந்தையில் தள்ளுவண்டி தள்ளுபவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மரியாதையாகப் பிரிந்துகொண்டோம்.

கடைக்கு இடம் கேட்டு அவள் சந்தை மேலாளர் தொக்தோபாயிடம் போனாள். அவர் உருகிவிட்டார்.

"சந்தைக்குள்ள எதுக்கும்மா கஷ்டம்? மசூதி வாசல்ல இடம் பாத்துத் தரேன். சும்மா உக்காந்தாலே போதும், தானா வரும்."

"சும்மா உக்கார என் வீட்லயே இடம் இருக்கு அண்ணே. சம்சா சுடத்தான் இடமில்ல."

கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தது. அடுத்தது, அடுப்பு கட்டும் மமசாலி.

"தந்தூர்னா நின்னு குனிஞ்சு உள்ள கைய விடணும் தங்கச்சி. உக்காந்தவங்களுக்குத் தந்தூர் உலகத்துலயே கிடையாது."

"அப்ப உலகத்துல மொதல்ல நீங்க கட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மடி உயரத்துக்குச் சாய்த்து, வாய் அவள் பக்கம் இருக்கும்படி கட்டிக் கொடுத்தார். இப்போது அது தன்னுடைய யோசனை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. வந்த ஆட்கள்தான் சரியில்லை. நாற்காலியைப் பார்ப்பார்கள், சம்சாவைப் பார்க்க மாட்டார்கள். மடியில் காசைப் போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவி, 'ஓமின்' என்று வேண்டுதலை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தட்டில் சம்சா ஆறும், மடியில் சில்லறை குவியும். எனக்குக் கூலி கொடுத்துவிட்டு மூட்டையை என்னிடமே விட்டுப் போனவன் இதுவரை எவனாவது உண்டா?

"மாமா, சம்சாவ எடுத்துட்டுப் போ!" என்று அவள் கத்துவாள்.

"இருக்கட்டும் மகளே. எனக்கு நன்மை சேரட்டும்."

"உன் நன்மைய சேத்து வைக்க நான் என்ன உண்டியலா?"

இப்படி ஊரே அவள் மடியில் காசு போட்டதா, அதையே காரணமாக்கினார் மேலாளர். சந்தைக்குள் பிச்சை எடுக்கக் கூடாது என்பது விதியாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யாவிட்டால் அடுப்பை இடிப்பாராம். காசு போட்ட கைகளில் அவர் கையும் ஒன்று!

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இடிக்கச் சொல்வதற்கு முன், பாவம் ஒட்டக் கூடாதே என்று ஒரு நோட்டை எடுத்து அவள் மடியில் போட்டார். கைகள் முகத்துக்குப் போகுமுன் அவள் ஒரு மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மறு கையில் சுடச்சுட ஒரு சம்சா.

"எடுத்துக்குங்க."

"வேணாம்மா."

"நீட்டின ரொட்டிய வாயில வைக்காம போறது எந்த ஊர் வழக்கம் அண்ணே? உங்க வீட்ல சொல்லித் தரலியா?"

சந்தையே திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊரில் கல்யாண வீட்டில் சண்டை போடலாம், மாமனாரை முறைக்கலாம். மாவில் சுட்டது எதுவும் எங்களுக்கு ரொட்டிதான்; நீட்டிய ரொட்டிக்கு மட்டும் முதுகைக் காட்ட முடியாது.

"மேலாளருக்குப் பல்லு இல்ல போல. மென்னு குடுக்கட்டுமா?" என்றேன் நான். கூட்டம் சிரித்தது.

கடித்தார். கொழுப்பு சட்டைக்கை வரை ஓடியது. இன்னொரு கடி. பிறகு குரலைத் தாழ்த்தி, "தொட்டுக்க வினிகர் இருக்கா?" என்றார்.

"இருக்கு. மீதிச் சில்லறையும் இருக்கு, வாங்கிட்டுப் போங்க. எல்லாரும் பாருங்கப்பா! மேலாளர் சம்சா வாங்கினாரு!"

கடப்பாரைக்காரர்கள் இரண்டு பேரும் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். காசு கொடுத்து, சம்சாவை எடுத்து! அடுப்பு நின்றது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்த மனிதர் வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை.

இப்போது இரண்டு தந்தூர். மாவு தேய்க்க இரண்டு பெண்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். இன்னமும் எவனாவது காசைப் போட்டுவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டு போகிறான். என் வண்டியை அவன் கால்மேல் ஏற்றலாமா என்றிருக்கும்.

நேற்று அக்கா கூப்பிட்டாள்.

"மெடெர், கோபுரத்துக்குப் பின்னாடி ஒரு மஞ்ச நாய் இருக்குல்ல?"

"எந்த நாய் அக்கா?"

"எந்திரிக்க முடியாம கொழுத்துக் கிடக்கே, அது. கடை தொறந்த நாள்லேர்ந்து காலைல உன்கூட வண்டி தள்ளுற பசங்க பை பையா சம்சா வாங்குறானுங்க. யாரு காசு?"

"பசங்களுக்குப் பசிக்கும்ல..."

"பசங்க தின்னது போக மிச்சம் அது வயித்துல இருக்கு. தின்ன முடியாத அளவுக்கு எதுக்குடா வாங்குற?"

நான் வண்டிச் சக்கரத்தில் ஏதோ பழுது இருப்பதுபோல் குனிந்தேன்.

"காசப் போட்டுட்டு சம்சாவ எடுக்காம போறவன்ல நீயும் ஒருத்தன். மூஞ்சியத் தடவிக்கல, அவ்வளவுதான்."

அடுப்பிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"வாயில வை. நான் பாக்கணும்."