ஆதரவு உண்டு என்று கையெழுத்துப் போட்டேன்

என் மகள் பன்னிரண்டாவது முடித்த கையோடு இராமநாதபுரம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பேரைப் பதிந்து வைத்தாள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மறக்காமல் புதுப்பித்தாள். கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளை வீட்டில் சிரித்தார்கள், அரசாங்கம் இவளைத் தேடி வாசலுக்கு வரப்போகுதாக்கும் என்று. அவள் விடவில்லை. மாப்பிள்ளை மவுத்தானார். என் வீட்டில் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் விதவைக்குரிய இத்தா இருந்து எழுந்தவள், முதலில் போன இடமும் அந்த அலுவலகம்தான்.

பதிவு வரிசையில் அவளுக்கு முன்னால் எத்தனையோ பேர் நிற்பதாக அங்கே சொன்னார்களாம். விதவைகளுக்கு மட்டும் முன்னுரிமை உண்டு, அதற்குக் கோட்டாட்சியர் கொடுக்கும் சான்றிதழ் வேண்டும். அலுவலக உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சான்றிதழைப் பதிந்தால் இந்தத் தடவையே பட்டியலில் பேர் வரும். தவறவிட்டால் அடுத்த தடவைக்குள் வயது தாண்டிவிடும். மகள் உடனே மனுப் போட்டாள். என்னிடம், "வி.ஏ.ஓ. விசாரிக்க வீட்டுக்கு வருவாக உம்மா" என்று மட்டும் சொன்னாள். சான்றிதழின் முழுப் பேரைச் சொல்லவில்லை. நான் தாங்க மாட்டேன் என்று நினைத்திருப்பாள்.

வி.ஏ.ஓ. வந்த நேரம் மகள் ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

வீட்டுப் பெண்ணைப் பற்றி வெளியாள் யார் வந்து கேட்டாலும் குறைத்துப் பேசுவது எங்களுக்கு வழக்கம் இல்லை. அடுப்பில் உலை இல்லாவிட்டாலும் வாசலுக்கு அது தெரியக் கூடாது. நான் அப்படித்தான் வளர்ந்தேன். வந்த வி.ஏ.ஓ. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துப் பெண், என் மகளைவிடச் சின்னவள். பீரோவில் இருந்த சவூதிக் கோப்பையை எடுத்துத் துடைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். தட்டில் இரண்டு துண்டு தொதல் அல்வாவும் வைத்தேன்.

"எதுக்கு பாட்டிம்மா இதெல்லாம்?"

"எங்க வீட்டுக்கு வந்துட்டு வாய் நனைக்காமப் போறதா?"

தின்று முடித்துக் காகிதத்தை விரித்தாள். "உங்க மகளுக்கு ஆதரவுன்னு யாரு இருக்கா? யாரு பாத்துக்கிறா?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் என்ன செத்தா போனேன்? அவ காக்கா, என் மகன், சவூதியில இருக்கான். தங்கச்சின்னா உசிரு அவனுக்கு. ராணி கணக்கா வச்சிருக்கோம்."

அவள் பேனாவை நிறுத்தினாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் நான் எழுதணும்."

"எழுதும்மா. நாலு பேருக்குத் தெரியட்டும்."

ரேகைக்கு மைப்பெட்டியை நீட்டினாள். நான் மூன்றாம் வகுப்புவரை போனவள், ரேகை வைக்கிற ஆள் இல்லை. பேனாவை வாங்கி என் பேரை ஒவ்வொரு எழுத்தாக முழுசாக எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் மகள் வந்ததும் பெருமையாகச் சொன்னேன். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உம்மா, அந்தச் சான்றிதழுக்குப் பேரு என்னண்டு தெரியுமா? ஆதரவற்ற விதவை. ஆதரவு இல்லாதவளுக்குத்தான் குடுப்பாக."

"நான் இருக்கையில நீ எப்படிடி ஆதரவற்றவ?"

"சரி. நேத்து அரிசி வாங்குனது யாரு?"

நான் கழுவி வைத்த சவூதிக் கோப்பையை எடுத்து மறுபடி துடைத்தேன்.

"காக்கா வெள்ளிக்கு வெள்ளி போன்ல வந்து நல்லா இருக்கீகளாம்பாக. அதை அள்ளி உலையில போடலாமா? ராணியாம் ராணி. ஜெராக்ஸ் மிஷின் முன்னால பகலெல்லாம் நிக்கிற ராணி!"

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அது சிரிப்பாக இல்லை.

மகனையும் குறை சொல்ல முடியாது. குடும்பத்தை அங்கே அழைத்துக்கொண்டான், கம்பெனி மாறினான், அனுப்புவது நின்று போனது. நான் அதை ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்குள்ளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் காலண்டர் கண்ணில் பட்டது. மறுநாள் காலையிலேயே வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெண் கண்மாய் பார்க்கப் போயிருந்தாள். மறுநாளும் இல்லை. வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, அங்கே வேலை பார்க்கும் உதவியாள், "உக்காருங்க பெரியம்மா, சிமிண்டுத் தரை தேயுது" என்றான்.

மூன்றாம் நாள் அவளைப் பிடித்துவிட்டேன்.

"எழுதினதைக் கிழிக்க முடியாது பாட்டிம்மா. புதுசா ஒரு வாக்குமூலம் குடுக்கலாம். ஏன் மாத்திச் சொல்றீகன்னு அதுல காரணம் வேணும். அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

வாக்குமூலம்கூடப் பரவாயில்லை, சாட்சிதான் என்னை அடித்தது. என் மகன் பெருமையை வருடக்கணக்காகப் பக்கத்து இரண்டு வீட்டுக்குத்தான் சொல்லி வந்திருந்தேன். வாசல்வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். பிறகு போய் அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்தேன்.

அவர்களை வைத்துக்கொண்டு வி.ஏ.ஓ. கேட்டாள். "மகன் ஏதாவது அனுப்புறாரா?"

"இல்ல."

"முன்னால ஏன் அப்படிச் சொன்னீக?"

"கௌரவத்துக்குச் சொன்னேன்."

"அப்படி எழுத முடியாதே. விவரம் தெரியாமச் சொல்லிட்டேன்னு எழுதுறேன்."

"எனக்கு விவரமெல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். கௌரவம்னே எழுது."

சாட்சிக்கு வந்தவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வி.ஏ.ஓ. சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் சொன்னபடியே எழுதினாள்.

"உங்க சாப்பாட்டை யாரு பாக்குறா?"

"அவதான்" என்றேன். வாயைப் பொத்தியிருந்தவள் முந்தானையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

அவசரம் என்றாலும் இந்தத் தடவை வாசிக்காமல் விடவில்லை. எழுத்துக் கூட்டிக் கடைசி வரிவரை வாசித்தேன். மூன்று பேரும் காத்திருந்தார்கள். பிறகுதான் பேரை எழுதினேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது சான்றிதழ் கைக்கு வந்தது. மகள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "பதிஞ்சாச்சு உம்மா" என்றாள்.

"வேலை?"

"வேலை இல்ல. வரிசையில முன்னால வந்திருக்கேன். பட்டியல் போனா, நேர்காணலுக்குக் கார்டு வரும்."

அந்த வெள்ளிக்கிழமை மகன் போனில் சலாம் சொன்னான். நல்லா இருக்கீகளா என்று கேட்கவில்லை. சாட்சி போட்டவளின் கொழுந்தனும் அவன் இருக்கிற ஊரில்தான் வேலை பார்க்கிறான்.

"என்னைப் பத்தி ஆபீஸ்ல எழுதிக் குடுத்தீகளாமே?"

"குடுத்தேன் வாப்பா."

"ஊரு முன்னால என்னைக் கேவலப்படுத்திட்டீகளே உம்மா."

"அதுல பொய் இருந்தாச் சொல்லு. போய் மாத்திக் குடுத்துட்டு வாரேன்."

அவன் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் சத்தம் கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது.

இரண்டு வெள்ளிக்கிழமை போய்விட்டது, போன் இல்லை. நேர்காணல் கார்டும் இன்னும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறேன். போன் எங்கே கிடக்கிறது என்று பார்க்க உள்ளே வருகிறேன். நேற்று மகள் கடைக்குக் கிளம்பும்போது கேட்டாள், "இப்படி நடந்துக்கிட்டே இருக்கீகளே, எதுக்கு? என் கார்டுக்கா, காக்கா போனுக்கா?"

"ரெண்டுக்கும்தான். நீ கிளம்பு, பஸ் போயிரும்" என்றேன்.