சுவருக்கு மேலே ஒரு முழம்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி மருதமுனையில் முனவ்வறாவின் ஓலை வீட்டைச் சாய்த்தது. விழுந்த ஓலைக்கு அடியிலிருந்து அவளும் மகள் ஜெமீலாவும் ஒரு கீறல்கூட இல்லாமல் எழும்பி வந்தார்கள். அதை ஒருவரும் நினைவில் வைக்கவில்லை. ஜெமீலாவைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் கல்வீடு கேட்டார்கள்.

கைம்பெண்ணான முனவ்வறா தறியில் உழைத்தே அதைக் கட்டினாள். பழைய வீட்டைப் போலச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் திறந்து விடுவோம் என்றாள். மாப்பிள்ளையின் உம்மா ஸுல்பிகா சிரித்தாள்.

“கல்வீடு கேட்டா மாட்டுக்கொட்டிலா கட்டித் தாறீங்க, மதினி?”

பெண்ணைப் பெற்றவள் வீடும் கொடுக்க வேண்டும். அதற்குள் காற்று எப்படி வரவேண்டும் என்று சொல்ல மட்டும் அவளுக்கு உரிமையில்லை. கூரை வரைக்கும் கல் ஏறியது. மேலே தகரம். தெருவில் போகும் ஆண்கள் பார்ப்பார்களென்று யன்னலையும் சிறிதாக வைத்தார்கள். பின்வளவில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டு, தறியோடு அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

சில வருடங்களில் மருமகன் றஊப் கடலில் மூழ்கி மௌத்தானான். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் ஜெமீலா இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாதென்று இருந்த யன்னலையும் சாத்தினார்கள். கச்சான் என்னும் வெக்கைக்காற்று அடிக்கும் காலம் அது. பகலெல்லாம் தகரம் குடித்த வெயில் அறைக்குள் இறங்கியது. பின்னால், கொட்டிலின் களிமண் தரை குளிர்ந்து கிடந்தது.

ஜெமீலாவுக்குக் காய்ச்சல் கண்டது.

“உம்மா, உங்கட கொட்டிலுக்குள்ள கொஞ்சம் படுக்கட்டா?”

முனவ்வறா றஊபின் வீட்டாரிடம் போய்க் கேட்டாள். புருஷன் வாழ்ந்த வீட்டை விட்டு இத்தாப் பெண் வெளிக்கிடக் கூடாது என்றார்கள். பின்வளவுதானே என்றதற்கு, ஊர் கதைக்கும் என்றாள் ஸுல்பிகா. காற்றை எந்தக் கிதாபு தடுத்தது என்று கேட்க அங்கே ஒரு வாய் இல்லை. முனவ்வறா திரும்பி வந்து, ஈரச்சேலையை மகளின் மேல் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள்.

நினைவு தப்பிய பிறகுதான் கல்முனை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது தூக்கியவர்கள் ஆண்கள்தான், யாரும் தடுக்கவில்லை. ஜெமீலா மூச்சடங்கி மையித்தாக வந்து சேர்ந்தாள்.

அவளுக்காகக் கத்தம் ஓதி எல்லாரும் கலைந்த பின், முனவ்வறா அலவாங்கோடு ஏணியில் ஏறினாள். கூரைமரம் குந்தியிருந்த இடங்களை விட்டுவிட்டு, மேல்வரிக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். ஸுல்பிகா ஓடிவந்து முற்றத்தில் நின்றாள்.

“இனி ஆருக்கு, மதினி?”

அடுத்த கல்லும் விழுந்தது. பின்னேரக் கடற்காற்று உள்ளே வந்து, கொடியில் கிடந்த ஜெமீலாவின் வெள்ளைச் சேலையை அசைத்தது.