அண்ணன் தலையில் வேறொருவன் தொப்பி

எங்கள் தெருமுனையில் இளைஞர் மன்றத்துப் பையன்கள் என் அண்ணனுக்குச் சிலை வைத்தார்கள். நான் கேட்கவில்லை. திறப்பு விழா பேனரில் பதினேழு முகங்கள். பதினேழாவதாகத் தீப்பெட்டி அளவில் அண்ணன். மற்ற பதினாறு பேரும் கைகூப்பிச் சிரித்தார்கள். ஹெல்மெட் போடாமல் வந்து, போலீஸைக் கண்டால் சந்துக்குள் வண்டியைத் திருப்புகிற வீரர்கள்.

அண்ணன் முத்தியால்பேட்டை ரொட்டிக்கடை ஒன்றில் மாவு பிசைந்தான். முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு ராணுவத்துக்குப் போனான். அங்கேயும் சமையற்கட்டில்தான் போட்டார்கள். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில், மேற்கு எல்லையில், முன்வரிசையில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது குண்டு விழுந்து செத்தான். அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்துப் போனவர் ஒரு கடலூர்க்காரர். ஒரு காலை இழந்து ஊர் திரும்பியவர், எங்கள் வீடு தேடி வந்தார். "பருப்பு ஆறிடும், சீக்கிரம் வாடான்னான் சார். அதான் கடைசி" என்றார். உடல் வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். அண்ணன் சாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை எவனும் திருத்தக் கூடாது.

விழாவுக்கு முன்தினம் போய்ப் போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தேன். நான்கு தவறுகள். அவன் வைத்தே இராத மீசை. கையில் துப்பாக்கி. மார்பில் மூன்று பதக்கம். தலையில், உருளையாக, முன்னால் மட்டும் விளிம்பு வைத்த பிரெஞ்சுப் பட்டாளத் தொப்பி!

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் பட்டாளம் என்றால் பழைய ஆட்களுக்கு பிரெஞ்சுப் பட்டாளம்தான். அதில் இருந்தவரைச் சொல்தா என்பார்கள். அண்ணன் இருந்தது இந்திய ராணுவத்தில். மன்றத் தலைவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மூஞ்சிக்கு அவரு ஸ்கூல் குரூப் போட்டோ கெடச்சுது சார். யூனிபார்முக்கு ஒண்ணும் கெடைக்கல. பக்கத்துத் தெரு சொல்தா தாத்தா போட்டோவக் குடுத்துட்டோம்."

"என்னைக் கேட்க வேண்டியதுதானே?"

"நீங்க கதவத் தொறந்தாத்தான!"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தொப்பியை மாற்று."

"சொல்தான்னா சொல்தாதான் சார். மேல ஒக்கார்ற காக்காவுக்கு வித்தியாசம் தெரியப் போவுதா?"

"அவன் சமையல்காரன். துப்பாக்கியையும் எடு."

"எடுத்துட்டு? கரண்டியக் குடுக்கச் சொல்றீங்களா? கல்யாணச் சமையலுக்கு ஆர்டர் குடுக்க வந்து நிப்பானுங்க."

"கரண்டியையே கொடு" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"சிமெண்ட் காஞ்சு போச்சு பெருசு. ஒண்ணும் பண்ண முடியாது."

சார், பெருசு ஆகியிருந்தது.

"அப்படியானால் அவன் பேரை எடு. இல்லையென்றால் நாளைக்கு மேடையேறி, மைக்கில் நாலு தவறையும் சொல்லுவேன்."

தலைவன் முகம் மாறியது. மறுநாள் வரவிருந்தது பெரிய இடத்து ஆள். என்னையும் சிலையையும் பார்த்தான். பிறகு ஓர் ஆளை வைத்துப் பீடத்தில் இருந்த, பேர் வெட்டிய கல் பலகையைக் கழற்றச் செய்தான். "இந்தா, எடுத்துட்டுப் போ. தூக்கிட்டுப் போய்ப் பூஜ பண்ணு."

தூக்கிக்கொண்டு வந்தேன். கனத்தது. வாசலிலேயே என் மனைவி பிடித்துக்கொண்டாள். "அவருக்குன்னு தெருவுல ஒரு பேரு இருந்துச்சு. அதையும் பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்க. இப்ப நிம்மதியா?"

நிம்மதி யார் கேட்டார்கள்? விழா நடந்தது. 'இந்த மாவீரர்' என்று மட்டும் சொல்லிப் பேசி முடித்தார்கள். யார் என்று ஒருவனும் கேட்கவில்லை. இப்போது ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தை மீசைக்காரர் சிலை என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அது யாரோ ஒருவன்.

பலகை இங்கே சுவரில் சாய்ந்திருக்கிறது. அதிலும் அண்ணன் பேருக்கு முன்னால் 'மாவீரர்' என்று வெட்டியிருக்கிறார்கள். உப்புத்தாள் வாங்கி வந்து தேய்க்கிறேன். நான்கு தாள் தேய்ந்து போயிற்று. இன்னும் 'மா'கூட அழியவில்லை.