கேமராவைக் கழற்றுவதற்கு முன்

செல்லியம்மாளுக்கு ஒரு போன் வேண்டும். அந்தப் போன் குவைத்தில் வேலை செய்ய வேண்டும், ஈமெயில் வர வேண்டும், மெசேஜ் போக வேண்டும். கேமரா மட்டும் இருக்கக் கூடாது. காலையிலிருந்து ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் இதைச் சொன்னதும் சிரித்தார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் கடைசியாக வந்து நின்ற இந்தக் கடையில் உதயகுமார் சிரிக்கவில்லை. கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பொறுமையாகச் சொன்னான்.

"பட்டன் போன்ல கேமரா இல்லாதது கீதுக்கா. ஆனா ஈமெயில் வராது. ஈமெயில் வர்ற போன கேமரா இல்லாம எவனும் செய்யறதில்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"எனக்கு இன்னாபா தெரியும்? ஏஜெண்டு ரெண்டும் வேணும்னுதான் சொல்றாரு."

"அந்த ஆளு போனே பார்த்ததில்லையா?" என்றவன், அவளுடைய போனிலிருந்தே ஏஜெண்ட் வேணுகோபாலைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிக்கினு போவட்டுமா?" என்று செல்லியம்மாள் கேட்டாள். "எங்க ஐயம்பேட்டைப் பசங்க ஒரகடம் கம்பெனிக்கு அப்படித்தான் போவுதுங்க."

"கம்பெனி வேற, வீடு வேறம்மா. பொம்பளைங்க முக்காடு இல்லாம நடமாடுற வீடு அது. போன தடவ ஒருத்தி கேமரா போனை ஒளிச்சு வெச்சிருந்தா, அடுத்த ஃபிளைட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. விசா, டிக்கெட்டு எல்லாம் ஈமெயில்லதான் வரும். நாளன்னைக்குக் கிளம்பணும். இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடு, உன் எடத்துக்கு ஆளு நிக்குது."

இருபது வருடம் கல்யாண மண்டபங்களில் அண்டா அண்டாவாகச் சாம்பார் வைத்தவள் செல்லியம்மாள். காண்டிராக்டர் வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த பிறகு வேலை முகூர்த்த நாட்களில் கூடக் கிடைப்பதில்லை. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். குவைத்து வீட்டுச் சமையல் வேலை இரண்டு வருட ஒப்பந்தம். அதை விட்டால் வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற கல்யாண வயது மகள் அபி அவள் தோளைத் தட்டினாள். அபிக்கு இவர்கள் பேசியது எதுவும் கேட்டிருக்காது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கருட சேவைக்கு அதிர்வேட்டுப் போட்டார்கள். தெருவே திடுக்கிட்டது, மடியில் கிடந்த பிள்ளை மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் செல்லியம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மாவும் மகளும் கையாலும் முகத்தாலும் தாங்களாகவே ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. காது மடலைக் கிள்ளினால் அபி. வளையலைத் திருகினால் காந்தா சித்தி. அபி படித்த காதுகேளாதோர் பள்ளியில் சொல்லிக்கொடுத்த சைகை வேறு. இந்தப் பேச்சு தெரிந்தவர்கள் உலகத்தில் இவர்கள் இரண்டு பேர்தான். அபி தமிழ் நன்றாக எழுதுவாள், படிப்பாள். செல்லியம்மாளுக்குக் கைநாட்டுதான். மகள் சொல்லிக்கொடுக்கப் பார்த்தும் எழுத்து எதுவும் அவள் தலையில் நிற்கவில்லை.

கேமரா இல்லாமல் போனால் இந்தப் பேச்சு எப்படிக் கடல் தாண்டும்? போன் கடைகளில் சிரித்தவர்கள் யாருக்கும் அவள் இதைச் சொல்லவில்லை. உதயகுமாரிடம் சொன்னாள்.

அவன் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினான். கடையை ஒட்டிய வீட்டின் பின்கட்டில் அவன் அப்பாவின் தறி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கேமரா போன வாங்கு. முன்னாடி, பின்னாடி ரெண்டு கேமராவையும் நான் கழட்டிடறேன். கல்பாக்கம் அணு உலைக்கு வேலைக்குப் போறவங்களுக்குச் செஞ்சு குடுத்துருக்கேன். ஈமெயில் ஓடும், மெசேஜ் ஓடும். நீ வாயால பேசு, அது எழுத்தா மாத்தி பாப்பாவுக்கு அனுப்பிடும். பாப்பா எழுதுனா உனக்குப் படிச்சுக் காட்டும். இன்னாக்கா? இதுக்கு மேல நான் இன்னா பண்றது?"

செல்லியம்மாள் அதைக் கையால் அபிக்குச் சொல்லி முடித்ததும், அவன் ஒரு போனை எடுத்து மைக் படத்தை அழுத்தி அவள் வாயருகே நீட்டினான். "பேசு. உன் பொண்ணுகிட்ட பேசற மாதிரியே பேசு."

ஊரோடு பேசுகிறவள்தான் அவள். மண்டபத்தில் அவள் அதட்டல் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் அபியிடம் வாயால் பேசியதே இல்லை. உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"அபி... சாப்ட்டியாமா?"

திரையில் எழுத்து விழுந்தது. ஒரு பிழை இல்லை. அபி குனிந்து படித்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் கையை விரித்துக் கேட்டாள்: இது யாரு?

நான்தான் என்று செல்லியம்மாள் மூக்குத்தியைத் தொட்டாள்.

அபி மறுத்துத் தலையாட்டினாள். நீ இல்லை. நீ கேட்கும்போது கன்னம் உப்பும், புருவம் ஏறும், சாப்பிடலன்னா அடிக்கிற மாதிரி கை வரும். இது ஸ்கூல் டீச்சர் அனுப்புற மெசேஜ்.

"பாப்பா இன்னா சொல்லுது?"

"அது நான் இல்லையாம்பா," என்றாள் செல்லியம்மாள். குரல் உடைந்துவிட்டது. கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள் ஒதுங்கி வேறு பக்கம் பார்த்தார்கள்.

கேமரா கழற்றிய போனில் அபி அனுப்பும் வீடியோவை அவள் பார்க்கலாம். பதில்தான் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்குக் கையில்லாத அம்மா. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். வேண்டாம், போகவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன? சொல்லிவிட்டு ஐயம்பேட்டைக்குப் போய் எந்த அடுப்பைப் பற்றவைப்பது?

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அபி, சட்டென்று அம்மாவின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கை வேகமாக ஓடியது. இன்னும் கழட்டலையே. இப்பவே எடுத்து வெச்சுக்கலாம். நீ சொல்லப்போறதெல்லாம் இப்பவே சொல்லு. அங்க இருந்து ஒவ்வொண்ணா எனக்கு அனுப்பு.

செல்லியம்மாள் சொல்லிக் கேட்டதும் உதயகுமார் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "மூளைக்காரிக்கா உன் பொண்ணு. உக்காரு. கல்யாண போட்டோ மாதிரி வெறைக்காத, சும்மா பேசு."

அபி எடுக்க ஆரம்பித்தாள். சாப்பிட்டியா. சாப்பிடலன்னா பிச்சுடுவேன். கதவைத் தாழ்ப்பாள் போடு. சித்தி பேச்சைக் கேளு. யாரு அவன், உன்கூட நிக்கிறது? இதற்கு அபி சிரித்ததில் போன் ஆடிவிட்டது, மறுபடி எடுத்தார்கள். நான் நல்லாருக்கேன். இதை எடுக்கும்போது மட்டும் கண் நிறைந்து நிறைந்து வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திரும்பத் திரும்பச் செய்தாள்.

அப்புறம் என்ன சொல்வது? இரண்டு வருடத்தில் அபி என்னென்ன கேட்பாள்? காய்ச்சல் வந்தால், வேலை போனால், பெண் பார்க்க வந்தால், எவனாவது ஏமாற்றினால். ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் சொன்னாள். இன்னும் நடக்காத துக்கத்துக்கெல்லாம் ஆறுதல் சொன்னாள். சொல்லச் சொல்ல விட்டுப்போனது பெருகியது. என்ன கேட்பாள் என்று தெரியாமல் எப்படிப் பதிலை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போவது? ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

அபி அவளை மறுபடி உட்காரவைத்தாள். இன்னும் ஒண்ணு என்றாள். வலது கையால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்து மார்போடு இழுத்துக் காட்டினாள். சின்ன வயதில் ஸ்கூல் வாசலில் அம்மாவைக் கண்டதும் அழுதுகொண்டே அவள் செய்தது: என்னைக் கூட்டிட்டுப் போ.

செல்லியம்மாள் கையை உதறினாள். த்தூ, அச்சானியம். இதையெல்லாமா எடுப்பாங்க?

அபி நகரவில்லை. நீ எழுத மாட்டே. அந்தப் போன்ல பேசினா அது நீயான்னு எனக்குத் தெரியாது. அங்க உன்ன அடிச்சா எப்படிச் சொல்லுவே?

செல்லியம்மாள் மணிக்கட்டைப் பிடித்துச் சும்மா ஒரு இழுப்பு இழுத்தாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. அபி பார்த்துவிட்டு அழித்தாள். பொய். அம்மா மறுபடி செய்தாள், அதையும் அபி அழித்தாள். பொய்.

"போதும் வுடுக்கா, நாலு மணிக்கு ஒருத்தரு வர்றாரு," என்று ஆரம்பித்த உதயகுமார் அவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பூட்டிய ஒரு வீட்டை செல்லியம்மாள் நினைத்தாள். பாஷை தெரியாத ஒருத்தி தன் எதிரே கையை ஓங்கி நிற்பதை நினைத்தாள். கை தானாகப் போய் மணிக்கட்டைப் பிடித்தது. இழுத்த இழுப்பில் வளையல் ஒன்று உடைந்து கண்ணாடி மேசையில் சிதறியது. பிடித்த கையை அவளால் விட முடியவில்லை. அபி போனை இறக்கி வைத்த பிறகும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

இந்த முறை அபி திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. படிக்கத் தெரியாதவளுக்கும் கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில், எல்லா வீடியோவுக்கும் முன்னால் அதை வைத்தாள். அம்மாவின் விரலைப் பிடித்து இதுதான் என்று தொட்டுக் காட்டினாள். அப்புறம் போனை அணைத்து, ஸ்குரு டிரைவரோடு காத்திருந்த உதயகுமாரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.