மாமன் மகன் கொடுத்த மரியாதை

ஒகவாங்கோ ஆற்றில் வெள்ளம் ஏறிவிட்டால் ஓடக்காரி செகாமெட்சிக்குப் படுத்தாலும் அலுப்பு தீராது. அங்கோலாவில் எப்போதோ பெய்த மழை, இங்கே சொட்டு மழையில்லாத குளிர்காலத்தில் வந்து சேரும்; கூடவே யானையும் நீர்யானையும் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக, ஓடத்தின் பின்நுனியில் நின்று கழி ஊன்றி, அவர்களைக் கோரைக்குள் கூட்டிப்போகிறாள். இப்போது வலது தோள் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

ஓடக்காரர்களின் தலைவர் கெபோனாங்கிடம் சொன்னால் நல்லவிதமாகத்தான் விசாரிப்பார். அப்புறம் அவளிடமிருந்து ஓடத்தையே பிடுங்கிக்கொள்வார். தோளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் எப்படியாவது பருவத்தை ஓட்டிவிடலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. அன்று காலை துறையில் தன் மாமன் மகன் மொலாட்லேகியிடம் போனாள்.

"மச்சான், இன்னைக்கு ஓடத்த மாத்திக்குவமா? உன்னோடதுல ஏத்துறது வெறும் சோத்துக்கூடைதான. என்னால கையத் தூக்க முடியல."

"கேட்டீங்களாய்யா கூத்த! நேத்து பீர்ச் சட்டியத் தூக்குனது யாரு கை? நல்லவேள உன்னக் கட்டாம தப்பிச்சேன். எங்கப்பன் பரிச மாடெல்லாம் மிச்சம்!"

துறையே சிரித்தது. கெபோனாங்கும் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த ஊரில் மாமன் மகனும் அத்தை மகளும் பேசினாலே கேலிதான். என்ன வைதாலும் கோபிக்கக் கூடாது, என்ன சொன்னாலும் நம்பக் கூடாது. உலகத்தில் நம்பவைக்கவே முடியாத ஒருவனிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். களைப்பு புத்தியைத் தின்றுவிட்டது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு ஓடத்தில் ஏறினாள்.

அன்று வந்த வெளிநாட்டு விருந்தாளிகள் இருவரும் நல்ல கனம். ஆம்பல் ஓடையைத் தாண்டி நீர்யானை மடு வரும்போது கரையோரமாகவே போகவேண்டும். அங்கே கழி சேற்றில் சிக்கியது. இழுத்தாள், தோள் வரவில்லை. விடாவிட்டால் தண்ணீரில் விழுந்திருப்பாள், விட்டுவிட்டாள். ஓடம் மடுவை நோக்கி நகர்ந்தது. சற்றுத் தள்ளி ஒரு நீர்யானை மூக்கால் சீறிக்கொண்டு எழுந்தது. விருந்தாளிகள் படம் எடுத்தார்கள்.

பின்னால் வந்துகொண்டிருந்த மொலாட்லேகி கத்தினான். "என்ன புள்ள, கழிய நட்டு மரமாக்கப் போறியா?"

இதற்கு ஒரு பதிலடி கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் அவள் ஒருநாளும் விட்டதில்லை. இன்று வாய் வரவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது. விரட்டி வந்து, அவள் ஓடத்தின் விளிம்பைப் பிடித்து, இரண்டையும் கோரைக்குள் இழுத்துச் செருகினான். நீர்யானை முங்கிப்போனது. விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

மொலாட்லேகி அவள் கையைப் பார்த்தான். செத்த மீன் போலத் தொங்கியது.

"நீங்க இதுல வந்து உக்காருங்கம்மா," என்றான் மெதுவாக. "ரெண்டு ஓடத்தையும் கட்டி நானே தள்ளிட்டுப் போறேன். கெபோனாங் ஐயாகிட்டயும் நானே சொல்லிக்கிறேன்."

பிறந்ததிலிருந்து அவன் அவளை 'நீங்க' என்றதில்லை. அது சாவு வீட்டில் பேசுகிற பேச்சு. தோளைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

"மச்சான், ஏதாச்சும் திட்டுய்யா."

அவன் வாயைத் திறந்தான். சோத்துக்கூடையை ஒதுக்கி அவளுக்கு இடம் விட்டான்.

"உக்காருங்கம்மா," என்றான்.